அட்டையில் லத்தீன், பெயரில் ஆசான்: முதல் நூலைத் தாமே வெளியிடுவோருக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சைப் பகுதியின் குளக்கரைச் செடிகளைப் பற்றி நான் எழுதிய சிறுநூல் அச்சாகி வந்தபோது அதன் அட்டையில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. ஒன்று லத்தீன் துணைத்தலைப்பில், மற்றொன்று என் புனைபெயரில். முதல் பிழை முழுக்க என் அறியாமையால் வந்தது. இரண்டாவது, மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை திருத்தும் தாள்) பார்க்கும்போது அட்டையின் முதுகைத் திருப்பிப் பார்க்காத என் சோம்பலால் வந்தது. முந்நூறு படிகளுக்கும் ஒட்டுத்தாள் அடித்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். நீங்களும் நூலுக்கு ஒரு லத்தீன் தலைப்பும், மதிக்கும் முன்னோடி ஒருவரின் நினைவாக ஒரு புனைபெயரும் வைக்க எண்ணியிருந்தால், அச்சகத்துக்குப் போவதற்கு முன் கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்துவிடுங்கள். நூலை ஒரு பதிப்பகம் வெளியிட்டாலும் முதல் நான்கு படிகள் உங்கள் பொறுப்பே. அவற்றை யாரும் உங்களுக்காகச் செய்ய மாட்டார்கள்.

1. லத்தீன் எங்கே நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

தமிழ் நூலுக்கு முதன்மைத் தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். லத்தீன் துணைத்தலைப்பாக, சிறிய எழுத்தில், அதன் கீழே நிற்கட்டும். அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கடைக்காரர் பில்லில் எழுதுவதும், நூலகர் பட்டியலில் ஏற்றுவதும், வாசகர் தொலைபேசியில் கேட்பதும் முதன்மைத் தலைப்பைத்தான். கடைக்காரரால் வாய்விட்டுச் சொல்ல முடியாத தலைப்பை அவர் பரிந்துரைக்கவும் மாட்டார்.

லத்தீன் தேவையா என்ற கேள்விக்கும் இங்கேயே விடை காண வேண்டும். தாவரவியல், விலங்கியல், மருத்துவம், தருக்கம், சட்டம் ஆகிய துறைகளில் லத்தீன் தலைப்புக்கு ஒரு மரபு இருக்கிறது; அந்தத் தலைப்பைப் பார்த்ததும் துறை சார்ந்தவருக்கு நூல் எந்த வரிசையில் நிற்க விரும்புகிறது என்பது புரிந்துவிடும். கவிதைத் தொகுப்புக்கோ சிறுகதைகளுக்கோ அப்படி ஒரு வரிசை இல்லை. அங்கே லத்தீன் வெறும் நகையாகத்தான் தொங்கும்.

2. லத்தீன் தொடரை இலக்கணப்படி சரிபாருங்கள்

அதிக நேரம் பிடிப்பதும் அதிகப் பிழை நேர்வதும் இந்தப் படியில்தான். லத்தீன் சொற்களைச் செங்கல்போல அடுக்கி வைத்தால் தொடர் வந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெயரடை தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றையும் ஒத்து ஈறு மாற வேண்டும் என்பது அந்த மொழியின் விதி. நாம் 'மாடு வந்தாள்' என்று எழுத மாட்டோம் அல்லவா? பெயருக்கும் வினைக்கும் இடையில் நாம் காக்கும் அந்த ஒழுங்கை லத்தீன் பெயருக்கும் பெயரடைக்கும் இடையிலும் கேட்கிறது.

தாவர நூல்களின் பழைய தலைப்புகள் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ். தோட்டம் என்னும் பொருளுடைய ஹோர்ட்டுஸ் ஆண்பால், எனவே பெயரடையும் 'உஸ்' என்று முடிகிறது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1747இல் வெளியிட்டது ஃப்ளோரா ஸெய்லானிக்கா. ஃப்ளோரா பெண்பால், எனவே ஈறு 'ஆ'. இன்னொரு தாவரவியலாளரான ரம்ஃபியஸ் எழுதி, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1741 தொடங்கி அச்சானது ஹெர்பேரியம் அம்போயினென்சே. ஹெர்பேரியம் இரண்டு பாலிலும் சேராத நடுப்பால், எனவே ஈறு 'என்சே'.

நான் சறுக்கியது அந்த மூன்றாவதில். ஊர்ப் பெயரிலிருந்து பெயரடை ஆக்கும்போது ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் 'என்சிஸ்' என்றும் நடுப்பாலுக்கு 'என்சே' என்றும் ஈறு வரும். எங்கள் பக்கத்து வேலியோரங்களில் ஜட்ரோஃபா தஞ்சோரென்சிஸ் என்று ஒரு காட்டாமணக்கு வகை உண்டு. தாவரப் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்ததால், 'தஞ்சோரென்சிஸ்' என்பதை அப்படியே எடுத்து 'ஹெர்பேரியம் தஞ்சோரென்சிஸ்' என்று அட்டையில் போட்டுவிட்டேன். ஜட்ரோஃபா பெண்பால், அங்கே அது சரி. ஹெர்பேரியத்தின் பக்கத்தில் அது பிழை. வெளியீட்டு நாளன்று, குருமடத்தில் லத்தீன் படித்த முதிய பங்குத்தந்தை ஒருவர் நூலைக் கையில் வாங்கினார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனார், மெல்ல, "ஐயா, இது தஞ்சோரென்சே என்றல்லவா வர வேண்டும்?" என்று கேட்டார். 'ஃப்ளோரா தஞ்சோரென்சிஸ்' என்று வைத்திருந்தால் தப்பித்திருப்பேன்.

ஊர்ப் பெயரின் லத்தீன் வடிவத்தை நீங்களே படைக்காதீர்கள். முன்பே வழக்கில் உள்ளதைத் தேடுங்கள். சென்னைக்கு 'மதராஸ்பட்டெனிஸ்' என்பது போல எதையாவது உண்டாக்கத் தோன்றும். ஆனால் மேலாநெல்லியின் பெயரில் 'மதராஸ்பதென்சிஸ்' என்றும், முசுமுசுக்கையின் பெயரில் 'மதராஸ்பதானா' என்றும் இரண்டு வடிவங்கள் ஏற்கெனவே நிலைத்திருக்கின்றன. நீலகிரிக்கு மாசிபத்திரியின் பெயரில் உள்ள 'நீலகிரிக்கா' உதவும். தமிழ் என்பதற்கு, ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1716இல் ஹாலே நகரில் அச்சிட்ட இலக்கண நூலின் தலைப்பான கிரம்மாட்டிக்கா தமுலிக்கா வழிகாட்டும். அங்கும் கிரம்மாட்டிக்கா பெண்பாலாக இருப்பதால்தான் 'தமுலிக்கா' என்ற ஈறு வந்தது என்பதைக் கவனியுங்கள். அதையே ஹோர்ட்டுஸுக்குப் பக்கத்தில் வைத்தால் 'தமுலிக்குஸ்' ஆகிவிடும்.

அடுத்தது ஆறாம் வேற்றுமை. 'செடிகளின் படங்கள்' என்று சொல்ல, செடி என்னும் சொல்லைப் பன்மை ஆறாம் வேற்றுமையில் 'பிளாந்தாரும்' என்று திரிக்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக மதராஸ் மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட இக்கோனெஸ் பிளாந்தாரும் இந்தியே ஓரியென்டாலிஸ் என்னும் தலைப்பை இதற்கு மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்: படங்கள், செடிகளின், இந்தியாவின், கிழக்கான. கடைசி இரண்டு சொற்களும் சேர்ந்தே ஆறாம் வேற்றுமையில் நிற்கின்றன. இந்தச் சட்டகத்தில் ஊரின் பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்தால், பெயரடையின் ஈற்றையும் உடன் மாற்ற வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிடுவீர்கள்.

எண்ணிலும் பலர் தவறுகிறார்கள். பிழைத்திருத்தம் ஒன்றே ஒன்று இருந்தால் எர்ராட்டும். பல இருந்தால் எர்ராட்டா. அடென்டும், அடென்டா என்பவையும் அப்படியே. ஒபேரா என்பது ஒபுஸ் என்பதன் பன்மை. எனவே 'ஒபேரா ஓம்னியா' என்றால் ஒருவருடைய படைப்புகள் அனைத்தும் என்று பொருள், ஒரே நூலுக்கு அது பொருந்தாது. 'எடிட்டியோ பிரின்கெப்ஸ்' என்று தம் சொந்த நூலின் முதல் பதிப்பில் அச்சிட்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். சுவடியாகவே இருந்த பழைய நூல் முதன்முறையாக அச்சேறும்போது சொல்வது அது. போன மாதம் எழுதி முடித்ததற்குச் சொல்வதன்று.

சரிபார்ப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. 1879இல் வெளிவந்த லூயிஸ், ஷார்ட் இருவரின் லத்தீன் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் பால் என்ன என்பதைச் சொல்லில் கை வைத்தவுடனேயே காட்டிவிடும். பழைய தாவர நூல்களின் தலைப்புப் பக்கங்களைப் பல்லுயிர் மரபு நூலகத்தின் (Biodiversity Heritage Library) இணையதளத்தில் படமாகவே பார்க்கலாம். இவற்றுக்குப் பின், லத்தீன் தெரிந்த ஒருவரின் கண்ணிலும் ஒருமுறை பட வேண்டும். கத்தோலிக்கக் குருமடங்களில் படித்த மூத்த குருமார்களும், தாவர வகைப்பாட்டில் வேலை செய்யும் பேராசிரியர்களும் நம் ஊர்களில் எளிதில் அகப்படக்கூடியவர்கள். ஒரு வரிக்காக அவர்களைத் தொந்தரவு செய்யலாமா என்று தயங்கித்தான் நான் கெட்டேன். இயந்திர மொழிபெயர்ப்பை நம்பாதீர்கள். சொல் கிடைக்கும், ஈறு கிடைக்காது. இந்தப் படிக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

3. முன்னோர் நினைவாகப் புனைபெயர் அமைத்தல்

இந்த மரபு நமக்குப் புதிதன்று. பாரதி தமக்கு 'ஷெல்லிதாசன்' என்று பெயர் வைத்துக்கொண்டார். கனகசுப்புரத்தினம் 'பாரதிதாசன்' ஆனார். ராசகோபாலன் 'சுப்புரத்தினதாசன்' ஆகி, அதைச் சுருக்கிச் 'சுரதா' ஆனார். காரைக்குடிக் கணேசன் ஒரு படி கீழே இறங்கி நின்று 'கம்பன் அடிப்பொடி' என்றார். ஐரோப்பாவிலும் இதற்கு இணைகள் உண்டு: டேனிஷ் தத்துவ அறிஞர் கீர்க்கெகார்ட் 1844இல் ஒரு நூலை, பழங்காலத் துறவி ஒருவரின் பெயரைத் தாங்கி, 'யோஹன்னஸ் கிளிமாக்குஸ்' என்று வெளியிட்டார், அதே ஆண்டு இன்னொன்றுக்கு 'விகிலியுஸ் ஹாஃப்னியென்சிஸ்', அதாவது கோபன்ஹேகனின் காவல்காரன் என்று பெயரிட்டுக்கொண்டார். அங்கும் நம் 'என்சிஸ்' வந்து நிற்பதைப் பாருங்கள். விகிலியுஸ் ஆண்பால், ஆகவே சரி.

நான் தேர்ந்தது 'கோவிந்துதாசன்'. வைட்டுக்காகச் செடிகளை வரைந்த தென்னிந்திய ஓவியர்கள் இருவர்: ரங்கையா, கோவிந்து. கோவிந்துவின் பெயரால் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்தூயியா' என்று பெயரிட்டார். இன்று அந்தப் பேரினம் வேறொன்றில் அடங்கிவிட்டது. செடியை வரைவதே அதை அறிவது என்று நம்புகிறவன் நான், ஆகவே அறிஞரை விட்டு ஓவியரைப் பிடித்தேன்.

பெயர் அமைக்கும்போது மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, முன்னோடியின் பெயரை அப்படியே சூட்டிக்கொள்ளாதீர்கள். தாசன், நேசன், மாணவன், அடிப்பொடி என்று ஏதேனும் ஒட்டு இருந்தால்தான் நூலகப் பட்டியலில் அவரும் நீங்களும் ஒருவராகக் கலக்காமல் இருப்பீர்கள். அவர் பெயரிலேயே எழுதினால் வாசகரை ஏமாற்றியதாகவும் ஆகும்.

இரண்டாவது, ஓர் எழுத்து மாறினால் பெயர் என்னவாகும் என்று சோதித்துப் பாருங்கள். அட்டையின் முதுகில் 'கோவிந்துதாசன்' என்பது 'கோவிந்ததாசன்' என்று விழுந்துவிட்டது. அடித்தவருக்கு அது திருத்தம். எனக்கு அது மதமாற்றம். ஒரு நூலகத்தில் என் குளக்கரைச் செடிகள் பாசுரத் தொகுப்புகளுக்கும் பஜனைப் பாடல்களுக்கும் நடுவே நின்றதை நானே பார்த்தேன். பழகிய ஒரு பெயருக்கு மிக அருகில் உங்கள் பெயர் இருந்தால், வருகிற ஒவ்வொருவரும் அதை அந்தப் பழகிய பெயராகத் 'திருத்தி'க்கொண்டே இருப்பார்கள்.

மூன்றாவது, பெயரை லத்தீனிலேயே வைக்க ஆசைப்பட்டால் இரண்டாம் படியின் விதிகள் அனைத்தும் இங்கும் செல்லும். வைட்டின் மாணவர் என்பதற்கு 'டிஸ்கிபுலுஸ் வைட்டீ' என்று எழுதலாம். எழுதுபவர் பெண் என்றால் 'டிஸ்கிபுலா'. போற்றப்படுபவர் பெண் என்றால் ஈறு வேறு: தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் நினைவாக 2019இல் ஒரு பல்லிக்கு வைத்த பெயர் 'ஜானகியே' என்று முடிகிறது. உயிரினப் பெயர்களைப் பார்த்து ஈறுகளைப் படி எடுப்பதில் தவறில்லை, பெயருக்குரியவர் ஆணா பெண்ணா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நெடுங்காலத்துக்கு முன் மறைந்தவரின் நினைவாகப் பெயர் வைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. அண்மையில் மறைந்த ஆசிரியர் என்றால் குடும்பத்தாருக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும், நாளை வெளியீட்டு விழாவில் அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

4. தலைப்பும் பெயரும் ஏற்கெனவே இருக்கின்றனவா என்று தேடுங்கள்

தலைப்பை உலகப் பட்டியலான வேர்ல்ட்கேட்டிலும், புனைபெயரைத் தமிழ் மின்னூலகத்திலும், இரண்டையும் கன்னிமாரா நூலகப் பட்டியலிலும் தேடுங்கள். ஒரு நாள் போதும்.

பழைய தலைப்பை வேண்டுமென்றே எதிரொலிப்பது வேறு. நியூட்டனின் 1687ஆம் ஆண்டு நூலின் 'பிரின்கிப்பியா' என்ற சொல்லைத் தத்துவ அறிஞர் மூர் 1903இல் தம் அறவியல் நூலுக்கும், வைட்ஹெட்டும் ரசலும் 1910 முதல் வெளியான தங்கள் கணித நூலுக்கும் எடுத்துக்கொண்டார்கள். ஸ்பினோசாவின் 1670ஆம் ஆண்டுத் 'திராக்தாத்துஸ்' விட்கென்ஸ்டைனின் நூலுக்கு 1922ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பில் வந்து சேர்ந்தது. அந்தத் தலைப்பைச் சொன்னவர் மூர். தலைப்புக்கு மட்டும் தனியாகப் பதிப்புரிமை இல்லை. நம் உச்சநீதிமன்றமும் 2015இல் ஒரு திரைப்படத் தலைப்பு வழக்கில் இதையே சொன்னது. ஆகவே எதிரொலிக்கத் தடையில்லை. ஆனால் விற்பனையில் இருக்கும் ஒரு நூலின் தலைப்பையும் அட்டை அமைப்பையும் சேர்த்துப் பின்பற்றினால், பிறர் பொருளைத் தம்முடையதாகக் காட்டியதாக வழக்கு வரலாம்.

5. எந்தத் தாளில் எந்தப் பெயர் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்

புனைபெயர் அட்டைக்கும் தலைப்புப் பக்கத்துக்கும் உரியது. பணம், வரி, அரசு விண்ணப்பம் ஆகிய மூன்றும் இயற்பெயரில்தான். அரசிதழில் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், தேவையில்லை. மாற்றினால் ஆதாரிலிருந்து ஓய்வூதியப் புத்தகம் வரை அத்தனையையும் மாற்ற வேண்டிவரும்.

பதிப்பகத்தோடு ஒப்பந்தம் என்றால் முதல் வரியிலேயே, "கோவிந்துதாசன் என்ற புனைபெயரில் எழுதும்" என்று தொடங்கி இயற்பெயர், தந்தை பெயர், முகவரி, பான் எண் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். உரிமைத்தொகைக் காசோலை இயற்பெயருக்குத்தான் வர வேண்டும் என்ற வாசகமும் அதிலேயே இருக்கட்டும். எனக்கு ஒரு கடைக்காரர் அன்பாகப் புனைபெயரில் எழுதித் தந்த காசோலை இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

புனைபெயருக்குப் பின்னால் முழுதாக ஒளிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, புனைபெயரில் வெளியான நூலுக்கு உரிமைக் காலம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான். அதற்குள் எழுதியவர் யார் என்பது வெளிப்பட்டால் அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் என்று நீளும். இன்னொன்று, எழுதியவர் யார் என்பது வெளிப்படாத வரை, உரிமை மீறல் வழக்குகளில் பதிப்பாளரே உரிமையாளராகக் கொள்ளப்படுவார். பதிப்பாளர் நீங்களே என்றால் சிக்கல் இல்லை. வேறொருவர் என்றால், அவரோடு உறவு கசக்கும் நாளையும் எண்ணிப் பாருங்கள்.

ஆய்வுக் கட்டுரைகளும் எழுதுபவர் என்றால் ஆர்க்கிட் (ORCID) என்னும் இலவச ஆய்வாளர் அடையாள எண்ணைப் பெற்று, அதில் 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் புனைபெயரைச் சேர்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

6. ஐ.எஸ்.பி.என் எண்

ஐ.எஸ்.பி.என் என்பது ஒரு நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண். இந்தியாவில் இந்த எண்ணைத் தருவது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. விண்ணப்பம் இணையவழி, கட்டணம் ஏதும் கிடையாது. 'ஐ.எஸ்.பி.என் வாங்கித் தருகிறோம்' என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்கள் இலவசமாகக் கிடைப்பதை விற்கிறார்கள். தனிமனிதராகத் தம் நூலைத் தாமே வெளியிடுபவரும் விண்ணப்பிக்கலாம்.

அடையாளச் சான்று, முகவரிச் சான்று, நூலின் தலைப்புப் பக்கம், அட்டை மாதிரி ஆகியவற்றைத் தெளிவாக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் எழுதும் தலைப்பும் துணைத்தலைப்பும் தலைப்புப் பக்கத்தில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். நான் லத்தீனைப் படிவத்தில் ஒருவிதமாகவும் தலைப்புப் பக்கத்தில் வேறுவிதமாகவும் எழுதி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். வெளியீட்டாளர் என்ற இடத்தில் அடையாளச் சான்றில் உள்ள பெயர். ஆசிரியர் என்ற இடத்தில் அட்டையில் உள்ள பெயர்.

அச்சு நூலுக்கு ஒன்று, மின்னூலுக்கு இன்னொன்று எனத் தனித்தனி எண் வேண்டும். மாற்றமில்லாத மறு அச்சுக்குப் பழைய எண்ணே போதும். தலைப்பையோ துணைத்தலைப்பையோ மாற்றினால் புதிய எண் வாங்க வேண்டும் என்பதால்தான் லத்தீனை முதலிலேயே சரிசெய்யச் சொல்கிறேன். இந்த எண் ஒரு வணிக அடையாளம் மட்டுமே. எழுதியவருக்கு எந்த உரிமையையும் அது தருவதில்லை.

7. தட்டச்சும் மெய்ப்பும்

நம் ஊர் டி.டி.பி. நிலையங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. அவற்றில் ரோமன் எழுத்தின் இடத்தில்தான் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். கோப்பு முழுவதையும் ஒரே சொடுக்கில் யூனிகோடுக்கு மாற்றினால், லத்தீன் வரிகளையும் தமிழென்று எண்ணி அது குப்பையாக்கிவிடும். லத்தீன் வரிகளைத் தனிக் கோப்பில் கொடுத்து, மாற்றம் முடிந்தபின் ஒட்டச் சொல்லுங்கள். தானியங்கித் திருத்தத்தையும் அணைத்துவிடச் சொல்லுங்கள். பழக்கமில்லாத லத்தீன் சொல்லை அது பழகிய ஆங்கிலச் சொல்லாக்கும்.

உள்பக்கங்களின் மெய்ப்பை மூன்று முறை பார்ப்பவர்கள்கூட ரேப்பரை, அதாவது மேலட்டையை, ஒருமுறைதான், அதுவும் கைப்பேசித் திரையில், பார்க்கிறார்கள். ரேப்பரை முழு அளவில் தாளில் எடுத்து, மடித்து, ஒரு பழைய புத்தகத்தின் மேல் போர்த்திப் பாருங்கள். முன்னட்டை, முதுகு, பின்னட்டை, தலைப்புப் பக்கம், நூல் விவரப் பக்கம் ஆகிய ஐந்து இடங்களிலும் தலைப்பும் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்க வேண்டும். லத்தீனை எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டும். சொல்லாக வாசித்தால் கண் ஏமாற்றும்.

ஒட்டுத்தாள் அடிக்க எனக்கான செலவு பெரிதன்று. ரேப்பரை மறுபடி அச்சிட்டுக் பைண்டிங்கைப் பிரித்துப் போட்டிருந்தால் மொத்த அச்சுச் செலவில் கால்பங்குக்கு மேல் ஆகியிருக்கும்.

சென்னைப் புத்தகக் காட்சிக்கு நூல் வர வேண்டும் என்றால் நவம்பர் தொடக்கத்திலேயே கோப்பு அச்சகத்தில் இருக்க வேண்டும். டிசம்பரில் அச்சகங்கள் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடும். அப்போது வரும் திருத்தங்களை யாரும் நின்று கேட்பதில்லை. பின்னோக்கி எண்ணினால், லத்தீன் சரிபார்ப்பை ஜூலையிலும் ஐ.எஸ்.பி.என் விண்ணப்பத்தை ஆகஸ்டிலும் முடிப்பது பாதுகாப்பு.

8. பதிப்புரிமைப் பதிவு, வேண்டுமென்றால்

பதிவு கட்டாயமில்லை, எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. புனைபெயரில் எழுதுபவருக்கு மட்டும் நான் இதைப் பரிந்துரைப்பேன், ஏனெனில் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் இவர்தான் என்று ஓர் அரசுப் பதிவேட்டில் எழுதிவைக்கக் கிடைக்கும் எளிய வழி இது.

இணையவழியில் பதினான்காம் எண் படிவத்தை நிரப்பி, இலக்கியப் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய் செலுத்தி, நூலின் படிகளை இணைக்க வேண்டும். நாட்குறிப்பு எண் (விண்ணப்பத்துக்குத் தரப்படும் பதிவு எண்) கிடைத்த நாளிலிருந்து 30 நாள் எதிர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டும். எவரும் எதிர்க்கவில்லையென்றால்தான் பரிசீலனையே தொடங்கும். மொத்தத்தில் சில மாதங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் என்ற இடத்தில் இயற்பெயரை எழுதி, புனைபெயரைக் கூடவே குறியுங்கள்.

படங்கள் உள்ள நூலென்றால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. என் நூலின் கோட்டோவியங்களை என் பழைய மாணவி வரைந்தார். கோவிந்துவின் பெயரைச் சூடிக்கொண்டு, வரைந்தவருக்குத் தாள் எழுதித் தராமல் இருந்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். ஓவியத்தின் உரிமை பொதுவாக வரைந்தவருடையது. எழுத்தில், கையொப்பத்தோடு தந்தாலன்றி அது உங்களுக்கு மாறாது. எழுதித் தரும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, மின்னூலுக்கும் சேர்த்தா, எவ்வளவு தொகை என்ற நான்கையும் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரும் தலைப்புப் பக்கத்திலேயே வரட்டும்.

9. அச்சான பின் முப்பது நாளுக்குள்

1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தம் செலவில் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா, மும்பை ஏசியாட்டிக் சங்க வளாகத்தில் உள்ள நூலகம், தில்லிப் பொது நூலகம் ஆகிய நான்குக்கும் ஆளுக்கொரு படி அனுப்ப வேண்டும். தனிமனிதராக வெளியிட்டாலும் நீங்கள் பதிப்பாளர்தான். நான்கு படிகளும் அஞ்சல் செலவும் ஆரம்பக் கணக்கிலேயே இருக்கட்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதுகளை ஒப்பந்தக் கோப்போடு சேர்த்து வையுங்கள்.

கூடவே ஒரு தாளில், அட்டையில் இருப்பது புனைபெயர், இயற்பெயர் இன்னது, துணைத்தலைப்பு லத்தீன், அதன் தமிழ்ப் பொருள் இன்னது, நூல் தாவரவியல் பிரிவைச் சேர்ந்தது என்று ஐந்து வரி எழுதி, முதல் பக்கத்துக்குள் செருகி அனுப்புங்கள். பட்டியலிடுபவர் பெயரைப் பார்த்து ஊகிக்க வேண்டிய நிலை வராது. நான் இரண்டாம் முறை அனுப்பிய படிகளில் இந்தத் தாளை வைத்தேன். பாசுரங்களுக்கு நடுவே நின்ற படியையும் அந்த நூலகர் அன்றைக்கே எடுத்துத் தாவரவியல் அடுக்கில் வைத்துவிட்டார்.